பாலத்தில் துரு, இரத்தத்தில் காரீயம்

1983 ஜூன் 28, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி இருக்கும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மையானஸ் ஆற்றைக் கடக்கும் நெடுஞ்சாலைப் பாலத்தின் ஒரு பகுதி, ஏறத்தாழ 100 அடி நீளம், அப்படியே பெயர்ந்து ஆற்றில் விழுந்தது. இருட்டில் வந்த கார்களும் லாரிகளும் அந்தப் பள்ளத்தில் பாய்ந்தன. மூன்று பேர் இறந்தார்கள். உத்திரத்தைத் தாங்கிய முளையும் தொங்கு தகடும் சேரும் இடத்தில் துரு ஏறியிருந்தது. சாலையைச் செப்பனிட்டபோது மழைநீர் வடிகால்களை மூடிவிட்டிருந்தார்கள். போக வழியில்லாத தண்ணீர் இணைப்புக்குள் இறங்கியது. துரு பருத்து, தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முளையிலிருந்து வெளியே தள்ளியது.

அதற்குப் பிறகு அந்த மாநிலம் தன் பாலங்களைப் பெரும் பொருட்செலவில் பழுதுபார்க்கத் தொடங்கியது. பழுதுபார்ப்பது என்றால் பழைய பெயின்டை உரித்து, துருவை அகற்றி, வெறும் எஃகு வரை போய், புதிதாகப் பூசுவது. பழைய பெயின்டில் இருந்தது காரீயம். பாலத்தின் மேல் வண்டியில் போகிறவர்களின் உயிரைக் காக்கும் அந்த வேலை, சாரத்தில் நின்று பெயின்டை உரிப்பவர்களின் இரத்தத்தில் காரீயத்தை ஏற்றியது. அமெரிக்காவில் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டார்கள், எதில் வென்றார்கள், எதைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டார்கள் என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரை.

காரீயத்தை ஏன் பாலத்தில் பூசினார்கள்? அது நன்றாக வேலை செய்தது என்பதால்தான். ரெட் லெட் என்று பெயின்டர்கள் சொல்லும் செந்நிறப் பொடி காரீயத்தின் ஓர் ஆக்சைடு. எடையில் பத்தில் ஒன்பது பங்கு அதில் காரீயமே. அதை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசினால், எண்ணெயின் அமிலங்களோடு காரீயம் சேர்ந்து ஒருவகைச் சோப்பு உண்டாகும். அது எஃகின் மேல் படிந்து துருப்பிடிக்கும் வேதிவினையைத் தடுக்கும். இன்றைய துத்தநாகப் பூச்சுகளுக்கு எஃகு பளிச்சென்று சுத்தமாக இருக்க வேண்டும். ரெட் லெட்டுக்கு அந்தப் பிடிவாதம் கிடையாது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த, லேசாகத் துருவேறிய பரப்பிலும் ஒட்டிக்கொள்ளும். 1937-ல் திறக்கப்பட்ட சான்ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு முதலில் பூசிய பெயின்டில் 68 விழுக்காடு ரெட் லெட் பசை இருந்தது. அடுத்த 27 ஆண்டுகளுக்கு அங்கங்கே தொட்டுப் பூசுவதே போதுமானதாக இருந்தது. 1965-ல் தொடங்கி அந்தப் பெயின்டை முழுதும் அகற்றி முடிக்க 1995 ஆகிவிட்டது. இவ்வளவு உழைக்கும் பூச்சை எந்தப் பொறியாளர்தான் விடுவார்?

ஆனால் அந்தப் பாலம் கட்டப்படும்போதே எச்சரிக்கை வந்துவிட்டது. கோபுரங்களின் குறுகலான எஃகு அறைகளுக்குள் பழுக்கக் காய்ந்த ரிவெட்டுகளை அறைந்தபோது பூச்சிலிருந்து காரீயப் புகை எழுந்தது. அதைச் சுவாசித்தவர்கள் காரீய நஞ்சேறி விழுந்தார்கள். உலகத்துக்கு இது புதுச் செய்தியும் அல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி குயவர்களையும் ஓவியர்களையும் பற்றி 1700-லேயே எழுதிவிட்டார். ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் 1910 வாக்கில் இல்லினாய்ஸ் மாநிலத்தின் தொழிற்கூடங்களில் ஏறி இறங்கி, காரீயத்தால் முடங்கியவர்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கணக்கெடுத்தார். 1921-ல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளைக் காரீயப் பெயின்டைத் தடுக்கும் உடன்படிக்கையை ஏற்றது. வெட்டவெளியில் நிற்கும் பாலத்தின் செந்நிறப் பூச்சு அந்தத் தடைக்கு வெளியே நின்றது. எஃகில் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை காரீயம் யாரையும் ஒன்றும் செய்யாது. அதைப் பொடியாக்கும் நாள் வரும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பொடியாவது எப்படி என்று பார்ப்போம். பழைய பெயின்டை உரிக்கும் வேகமான வழி பிளாஸ்டிங். கம்ப்ரசரிலிருந்து சதுர சென்டிமீட்டருக்கு ஏழு கிலோ அளவு அழுத்தத்தில் வரும் காற்றில் மணலையோ எஃகுக் குருணையையோ கலந்து பரப்பின் மேல் பீய்ச்சுவார்கள். பெயின்ட் செதிலாக உதிர்வதில்லை, தூளாக நொறுங்குகிறது. பெரிய துகள் கீழே விழுந்துவிடும். 10 மைக்ரானுக்குக் கீழான துகள் மிதக்கும். தலைமயிரின் தடிமனில் அது ஏழில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் தடுக்க முடியாத அளவுக்கு நுண்ணியவை நுரையீரலின் அடிவரை போகின்றன. வாய்வழியாக விழுங்கும் காரீயத்தில் பெரியவர்களின் குடல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் உறிஞ்சும். நுரையீரலின் ஆழத்தில் படிந்ததோ பெரும்பாலும் இரத்தத்துக்குள் போய்விடும்.

அளவு புரிய ஒரு கணக்குப் போடலாம். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு ஆணையமான ஓஷா, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் காரீயம் வரை இருக்கலாம் என்கிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரே ஒரு கிராம் ரெட் லெட் முழுதும் காற்றில் மிதந்தால், 18,000 கன மீட்டர் காற்றை அந்த வரம்பைத் தொடவைக்கும். 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம் உள்ள மண்டபத்துக் காற்று அவ்வளவு வரும். பூச்சின் மேல் பூச்சாகக் கால் மில்லிமீட்டர் தடித்த பழைய பெயின்டை ஒரு சதுர மீட்டர் உரித்தால் அரைக் கிலோவுக்கு மேல் தூள் வரும். நூற்றில் ஒரு பங்கு மிதந்தாலே போதும்.

முன்பெல்லாம் இதைத் திறந்தவெளியிலேயே செய்தார்கள். காற்று தூளை அடித்துக்கொண்டு போனது; ஆற்றிலும், பக்கத்து வீட்டு மொட்டைமாடியிலும், குழந்தைகள் விளையாடும் மண்ணிலும் அது படிந்தது. நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் நடந்த பிளாஸ்டிங் வேலையின் தூள் அடியிலுள்ள நெரிசலான குடியிருப்புகள் மேல் விழ, மக்கள் கொதித்தெழுந்து 1992-ல் வேலை நிறுத்தப்பட்டது. சுற்றுச்சூழல் விதிகளும் இறுகின. வேலை நடக்கும் பகுதியைச் சாரத்தோடு சேர்த்துத் தார்ப்பாயால் நாலாபுறமும் மூடிக்கொள்ள வேண்டும் என்றாயிற்று.

இங்கேதான் இந்த விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. தார்ப்பாய் ஊரைக் காப்பாற்றியது, ஆற்றைக் காப்பாற்றியது. வெளியே போக முடியாத தூள் முழுவதும் உள்ளே நிற்கும் நான்கைந்து தொழிலாளர்களைச் சூழ்ந்தது. முன்பு காற்று பங்கிட்டுக்கொண்ட நஞ்சை இப்போது அவர்கள் மட்டும் சுமந்தார்கள். இந்த அநியாயம் யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஒரு துறை சுற்றுச்சூழலைப் பார்த்தது, இன்னொரு துறை பாலத்தைப் பார்த்தது. உள்ளே இருக்கும் ஆளைப் பார்ப்பது யார் வேலை என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

சட்டமும் அவர்களைக் கைவிட்டிருந்தது. 50 மைக்ரோகிராம் என்ற வரம்பு தொழிற்சாலைகளுக்கு 1978-லேயே வந்துவிட்டது. கட்டுமானத் தொழிலை அதிலிருந்து விலக்கி வைத்தார்கள்; அங்கே 200 வரை அனுமதி. பேட்டரி ஆலையில் வேலை செய்பவரின் நுரையீரலும் பாலத்தில் தொங்குபவரின் நுரையீரலும் ஒன்றுதான் என்று ஒப்புக்கொள்ள இன்னும் 15 ஆண்டுகள் பிடித்தன. 1992-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி வற்புறுத்திய பிறகே, 1993 ஜூன் முதல் கட்டுமானத்துக்கும் 50 என்ற வரம்பு வந்தது.

உடம்புக்குள் போன காரீயம் செய்யும் கேட்டின் ஒரு வேர், அது கால்சியத்தைப் போல நடிப்பதில் இருக்கிறது. கால்சியம் போக வேண்டிய வாசல்களில் எல்லாம் அது நுழைந்துவிடுகிறது. இரத்தச் சிவப்பணுவுக்கான ஹீம் என்ற பொருளைத் தயாரிக்கும் நொதிகளை முடக்குகிறது, சோகை வருகிறது. நரம்புகளைத் தாக்குகிறது, முற்றிய நிலையில் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிவிடும். சிறுநீரகம் கெடும், இரத்த அழுத்தம் ஏறும், ஆண்களின் விந்தணு பாதிக்கப்படும். தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்கும் போகும். காரீய வயிற்றுவலி குடல்வால் அழற்சி என்று தவறாக எண்ணப்படும் அளவுக்குக் கடுமையானது. இவ்வளவும் தெரிவதற்கு முன்பே தலைவலி, அசதி, எரிச்சல், மலச்சிக்கல் என்று தொடங்கும். வேலை கடினம், அதனால் உடம்பு வலிக்கிறது என்று அந்த ஆளே நினைத்துக்கொள்வார்.

இரத்தத்தில் உள்ள காரீயம் ஒரு மாதத்துக்குச் சற்று மேலான காலத்தில் பாதியாகக் குறையும். எலும்புக்குள் போனது பத்து, இருபது ஆண்டுகள் கிடக்கும். உடம்பில் சேர்ந்த காரீயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. முதுமையிலோ கர்ப்பக் காலத்திலோ எலும்பு கரையும்போது அது மறுபடி இரத்தத்துக்குத் திரும்பும். ஆகவே இதில் பிறகு மருந்து கொடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கே இடமில்லை. உடம்பிலிருந்து காரீயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் உண்டு. அவற்றை முன்கூட்டியே கொடுத்துத் தொழிலாளர்களைத் தூளுக்குள் அனுப்பும் வழக்கமும் ஒரு காலத்தில் இருந்தது. ஓஷா விதி அதை வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது.

சரி, தடுப்பது எப்படி? இதைப் பற்றிப் பேசினாலே எல்லாருக்கும் முதலில் நினைவு வருவது மாஸ்க். என் உறுதியான கருத்து, மாஸ்க் கடைசியில் வர வேண்டியது. காரணத்தை எண்களே சொல்லும். மூக்கையும் வாயையும் மூடும் அரைமுகக் கவசம், சரியாகப் பொருந்தினால், வெளிக்காற்றில் உள்ளதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். காற்றை அளந்து பார்க்காதவரை பிளாஸ்டிங்கிலும் கேஸ் கட்டிங்கிலும் 2,500 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கும் என்று வைத்துக்கொண்டே பாதுகாப்பைத் தொடங்க வேண்டும் என்கிறது 1993 விதி. 2,500-ல் பத்தில் ஒரு பங்கு 250. வரம்பைப் போல ஐந்து மடங்கு. அதனால்தான் பிளாஸ்டிங் செய்பவருக்குத் தலையை மூடும் கவசமும், வெளியிலிருந்து குழாய் வழியாக வரும் தூய காற்றும் கட்டாயம். அதிலும் காற்றின் அளவு குறைந்தாலோ, கவசத்தின் கழுத்துத் துணி கிழிந்தாலோ, இரண்டு நாள் தாடி முகக்கவசத்தின் விளிம்பைத் தூக்கினாலோ கணக்குத் தவறிவிடும். வெயிலில், சாரத்தின் மேல், எட்டு மணி நேரம் ஒரு மனிதர் சிறு பிசகும் இல்லாமல் முகக்கவசம் அணிவார் என்ற நம்பிக்கையின் மேல் பாதுகாப்பைக் கட்டக் கூடாது.

முதலில் தூளே எழாத வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருக்கிறது. பீய்ச்சும் முனையைச் சுற்றியே உறிஞ்சும் உறை வைத்த வேக்குவம் பிளாஸ்டிங் உண்டு. வேகம் குறைவு, மூலை முடுக்குகளில் சிரமம், ஆனால் தூள் பிறந்த இடத்திலேயே பிடிபடும். கிரைண்டருக்கும் ஊசிச் சுத்திக்கும் இதே போல உறிஞ்சும் உறை மாட்டலாம். மாட்டினால் அந்த வேலையில் 50 முதல் 500 வரை இருக்கும் என்றும், மாட்டாவிட்டால் 500-க்கு மேல் போகும் என்றும் விதி கருதுகிறது. ஒரு ரப்பர் உறையும் ஒரு உறிஞ்சு குழாயும் செய்யும் வேறுபாடு அது. மிக உயர்ந்த அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சியும் உரிக்கலாம். அப்போது வடியும் சேற்றைக் காய விடக் கூடாது, காய்ந்தால் அதுவும் தூள்தான். வேதிக் களிம்பு பூசி ஊறவைத்துச் சுரண்டலாம். மின்தூண்டல் முறையில் எஃகின் மேல்தோலைச் சூடாக்கினால் பெயின்ட் தகடுதகடாகப் பெயர்ந்து வரும். காரீயம் புகையாகும் அளவுக்குச் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூடிய இடத்தில் வெல்டிங்கோ கேஸ் கட்டிங்கோ செய்வதானால், வெட்டுக்கோட்டின் இருபுறமும் நான்கு அங்குலமாவது பெயின்டை முன்னதாகவே அகற்றிவிட வேண்டும் என்று அமெரிக்க விதி உண்டு. சாதாரண விஷயம்தான். அவசரத்தில் முதலில் விடுபடுவதும் இதுதான்.

தார்ப்பாய்க்குள் பிளாஸ்டிங் செய்தே தீர வேண்டுமென்றால், தார்ப்பாய் அறையை ஓர் இயந்திரமாகப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் காற்று நுழைய வழி, எதிர்ப்பக்கம் உறிஞ்சும் விசிறி. காற்று பக்கவாட்டில் ஓடினால் நிமிடத்துக்கு 100 அடி வேகம், மேலிருந்து கீழே போனால் 60 அடி என்பது அந்தத் துறையில் வழங்கும் அளவு. தொழிலாளி நிற்கும் இடத்தைக் கடந்து, அவர் முகத்திலிருந்து தூள் விலகிப் போகும் திசையில் காற்று ஓட வேண்டும். உறிஞ்சிய காற்று, 0.3 மைக்ரான் துகளிலும் 10,000-க்கு 9,997-ஐப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியைக் கடந்துதான் வெளியேற வேண்டும். உள்ளே அழுத்தம் வெளியை விடக் குறைவாக இருந்தால் கிழிசல் வழியாகத் தூள் கசியாது. தார்ப்பாய் உள்நோக்கிக் குழிந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

எல்லாரும் மறக்கும் ஒருவரை இங்கே சொல்லியாக வேண்டும். பிளாஸ்டிங் செய்பவருக்குக் காற்றுக்குழாயோடு கவசம் கிடைக்கிறது. அவர் இறங்கிப் போன பிறகு தரையில் குவிந்த குருணையையும் தூளையும் அள்ளுபவர், தார்ப்பாயை அவிழ்த்து மடித்து அடுத்த இடத்துக்கு நகர்த்துபவர் கதி என்ன? பெரும்பாலும் ஒரு அரைமுகக் கவசம். விதியோ இந்த இரண்டு வேலையிலும் காற்றில் காரீயம் 500-க்கு மேல் இருக்கும் என்று கருதச் சொல்கிறது. துடைப்பத்தால் பெருக்கவே கூடாது, ஹெப்பா வடிகட்டி உள்ள உறிஞ்சியால் அள்ள வேண்டும். உடையில் ஒட்டிய தூளைக் கம்ப்ரசர் காற்றால் ஊதித் தட்டுவது பல பணியிடங்களில் வழக்கம்; காரீய வேலையில் அது நஞ்சைத் தானே தூவிக்கொள்வது.

வாய்வழியும் உண்டு. கையில் ஒட்டிய தூள் சிகரெட்டுக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது. அதனால் பணியிடத்தில் மூன்று பகுதியாகப் பிரித்த வண்டி நிற்க வேண்டும்: அழுக்குடையைக் கழற்றும் அறை, நடுவில் குளிக்கும் அறை, அந்தப் பக்கம் சொந்த உடை. வேலை உடையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, முதலாளியே வெளுத்துத் தர வேண்டும். வீட்டுக்குப் போன செருப்பிலிருந்தும் சட்டையிலிருந்தும் குழந்தைகளுக்குக் காரீயம் ஏறிய நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் நிறைய. குழந்தையின் குடல் விழுங்கிய காரீயத்தில் பாதி வரை உறிஞ்சிக்கொள்ளும்.

இவையெல்லாம் நடக்கின்றனவா என்று சொல்ல இரண்டு சாட்சிகள். ஒன்று, தொழிலாளியின் கழுத்துப்பட்டை அருகே மாட்டிய சிறு வடிகட்டியும் இடுப்பில் உள்ள சிறு பம்பும். எட்டு மணி நேரம் அவர் மூச்சுவிடும் பகுதியின் காற்றை இழுத்து, அதிலுள்ள காரீயத்தை ஆய்வகத்தில் அளப்பார்கள். இரண்டாவது சாட்சி அவருடைய இரத்தம். முதல் ஆறு மாதம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சோதனை. 100 மில்லிலிட்டரில் 50 மைக்ரோகிராமைத் தொட்டால் காரீயமில்லாத வேலைக்கு மாற்ற வேண்டும், 40-க்குக் கீழே இறங்கும் வரை திரும்பக் கூடாது. அதுவரை சம்பளத்தைக் குறைக்கக் கூடாது, 18 மாதம் வரை. இந்தச் சம்பளப் பாதுகாப்பு இல்லாவிட்டால் இரத்தச் சோதனைக்கு யாரும் மனமுவந்து கை நீட்டமாட்டார்கள்.

கனெக்டிகட்டுக்குத் திரும்புவோம். கூட்டாட்சி விதி வருவதற்கு முன்பே, 1991 வாக்கில், அந்த மாநிலத்தின் அரசுத் துறைகளும் யேல் பல்கலைக்கழகத்தின் தொழில்நல மருத்துவர்களும் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். பாலம் பழுதுபார்க்கும் ஒப்பந்தப் பத்திரத்திலேயே காரீயப் பாதுகாப்பை நிபந்தனையாகச் சேர்த்தார்கள். காற்றை அளப்பது, இரத்தத்தைச் சோதிப்பது, குளியல் வசதி, தொழில்நல வல்லுநரின் மேற்பார்வை எல்லாம் வேலையின் பகுதியாயின. தொழிலாளர்களின் இரத்தக் காரீயம் மற்ற மாநிலங்களின் பால வேலையாட்களை விடக் குறைந்தது. இந்த வழியின் நியாயம் எளிது. பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், உறிஞ்சியையும் குளியல் வண்டியையும் கணக்கில் சேர்க்கும் நேர்மையான கான்ட்ராக்டர் டெண்டரில் தோற்றுப்போவார், சேர்க்காதவர் ஜெயிப்பார். நிபந்தனை எல்லாருக்கும் பொதுவானால் நேர்மைக்கு நஷ்டம் இல்லை.

ஐம்பது என்ற வரம்பும் இன்று பழசாகிவிட்டது. அதைவிடக் குறைந்த அளவிலேயே இரத்த அழுத்தமும் சிறுநீரகமும் பாதிக்கப்படுவதை ஆய்வுகள் காட்டிவிட்டன. கலிஃபோர்னியா 2025 ஜனவரி முதல் அதைப் பத்தாகக் குறைத்திருக்கிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி வரம்பு 1978-ன் எண்ணிலேயே நிற்கிறது.

நம் நாட்டில் 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை 150 மைக்ரோகிராம் என்று வகுத்திருந்தது, அதுவும் தொழிற்சாலைகளை மனத்தில் வைத்து எழுதியது. பெயின்டில் காரீயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் 2016-ன் விதிகள் வீட்டு, அலங்காரப் பெயின்டுகளுக்கு மட்டுமே. ரெட் லெட் பிரைமருக்கு ஐ.எஸ். 102 என்று தனித் தர எண்ணே உள்ள நாடு இது. பழைய இரும்புப் பாலத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ தூண்களையோ சுரண்டிப் பூச டெண்டர் எழுதும் பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். முதலில் அந்தப் பெயின்டில் ஒரு சில்லு பெயர்த்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். காரீயம் இருந்தால் உறிஞ்சும் உறை, காற்றோட்டம், குளியலறை, இரத்தச் சோதனை நான்கையும் தனித் தனி இனங்களாக விலை குறிக்கச் சொல்லி டெண்டரிலேயே எழுதுங்கள். வேலை தொடங்கிய பிறகு மாஸ்க் வாங்கிக் கொடுப்பதால் அது ஈடாகாது.